ஆறடி வேலி, எங்கிருந்து ஆறடி?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடகிழக்கே, அரோயோ செக்கோ ஆற்றை ஒட்டி எழும் குன்றுகளில் ஒன்றில் எங்கள் வீடு. தெரு மேலே, வீடு நடுவில், பின்பக்கம் கிடுகிடுவென இறங்கி, கீழ்வீட்டுப் பெரியவரின் எலுமிச்சை மரத்தடியில் போய் முடிகிற மனை. வாங்கும்போதே மூன்று வேலைகள் காத்திருந்தன. தெருவோரத்தில் ஆளுயரத்தைத் தாண்டி அடர்ந்து வளர்ந்த ஃபைக்கஸ் உயிர்வேலி. பின்னால், மேட்டு மண் சரியாமல் பிடித்து நிறுத்த ஆற்றுக்கல்லை அடுக்கிக் கட்டிய பழைய தாங்குசுவர். அந்தச் சுவரின் தலையில் சாய்ந்து நின்ற மரவேலி.

சமதளத்தில் வீடு வைத்திருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "ஒரு வேலிக்கா இத்தனை அலைச்சல்?" என்பார்கள். அங்கே கேள்வி ஒன்றுதான், எவ்வளவு உயரம் போடலாம் என்பது. சரிவில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். எங்கிருந்து அளப்பது? அனுமதி, செலவு, பக்கத்து வீட்டாரோடு வரும் உரசல் எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன.

எங்கள் பின்வேலி நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஐந்தடி. கீழ்வீட்டுப் பெரியவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்பதடி, அதாவது நாலடிக் கல்சுவரும் அதன் மேல் ஐந்தடிப் பலகையும். எங்கள் மனை அவருக்கு மேற்கே இருப்பதால் மத்தியானம் மூன்று மணிக்கே தக்காளிச் செடிக்கு வெயில் போய்விடுகிறது என்று முதல் அறிமுகத்திலேயே சொன்னார். குறை சொல்லும் தொனி இல்லை. அந்த வேலி எங்களுக்கு முன்பிருந்தவர் போட்டது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் புதிய வேலி எப்படி வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அதைச் சொன்னார்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சட்டத்தில் குடியிருப்பு மண்டலங்களுக்குப் பொதுவான கணக்கு இது: வீட்டுக்கு முன்னால் கட்டாயம் காலியாக விடவேண்டிய இடத்தில் வேலியோ சுவரோ மூன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. பக்கங்களிலும் பின்னாலும் மனையின் அகலத்தையும் இருப்பிடத்தையும் பொறுத்து ஆறடியோ எட்டடியோ போகலாம். எங்களுக்கு ஆறடி என்று திட்டத்துறை கவுன்ட்டரில் சொன்னார்கள். உயரத்தை அளப்பது ஒட்டியிருக்கும் இயற்கையான தரைமட்டத்திலிருந்து. 'இயற்கையான' என்பதை யாரும் முதல் வாசிப்பில் கவனிப்பதில்லை. நாமாக மண்ணைக் கொட்டி மேடாக்கி, "பாருங்கள், இங்கிருந்து ஆறடிதான்" என்று சொல்ல முடியாதபடி அந்தச் சொல் தடுக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்பு யாரோ கொட்டிய மண் இன்று இயற்கை போலவே தெரியும். அதனால் பழைய அளவை வரைபடமோ, நகரத்திடம் இருக்கும் பழைய கட்டட அனுமதிக் காகிதங்களோ கைவசம் இருப்பது நல்லது. எங்கள் வீட்டுக்கான பழைய அனுமதிகளைக் கட்டடத்துறையின் இணையதளத்திலேயே பார்க்க முடிந்தது. கல்சுவருக்கு மட்டும் ஒரு காகிதமும் இல்லை. அதில் வியப்பில்லை. நாட்டிலேயே முதல் முறையாகக் குன்றுச் சரிவுகளில் மண் வெட்டி நிரப்புவதற்கு விதி கொண்டுவந்த நகரம் இது. அந்த விதி வந்ததே 1952இல்தான். அதற்கு முன்பு கட்டியவர்கள் ஆற்றிலிருந்து கல்லை எடுத்து வந்து தங்கள் கைத்திறமையை நம்பிக் கட்டினார்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் அந்தக் கற்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, உள்ளே கம்பி ஒன்றுகூட இல்லை என்பதை மறந்துவிட்டால்.

முன்பக்க உயிர்வேலி விஷயத்தில்தான் எங்கள் பகுதியில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். செடிக்கு என்ன சட்டம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த நகரத்தின் சட்டத்தில் வேலி, சுவர் என்ற சொற்களுக்குள் தட்டி, அலங்கார வேலி, மறைப்புச் சுவர் இவற்றோடு உயிர்வேலியும், அடர்ந்து வளரும் புதர்களும் மரங்களும்கூட அடங்கும். ஆக, முன்பக்கத்து ஃபைக்கஸுக்கும் மூன்றரை அடிதான். ஊர் முழுக்க ஒன்பதடி, பத்தடிப் பச்சைச் சுவர்கள் நிற்கின்றனவே என்றால், நிற்கின்றன. இங்கே நடவடிக்கை பெரும்பாலும் புகார் வந்தால்தான். யாராவது ஒருவர் ஒரு படிவம் நிரப்பினால் போதும், குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

கூடுதல் உயரம் வேண்டுமென்றால் முறையாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும், கட்டணம் உண்டு, காரணம் சொல்லவேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் தெரு இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகிய மேட்டுத் தெரு. வளைவில் எங்கள் வாகன வாசல். அந்த ஃபைக்கஸ் இருந்தவரை, காரின் மூக்கு தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் வருகிற வண்டி கண்ணில் படும். அந்த மூன்றரை அடி விதி என்னைப் பொறுத்தவரை அழகுக்கான விதி அல்ல. குன்றுத் தெருக்களில் அதுவே பாதுகாப்பு.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம்: தார் முடிகிற இடத்தில் நம் மனை தொடங்கிவிடுவதில்லை. பழைய மேட்டுத் தெருக்களில் காகிதத்தில் தெருவுக்கு ஒதுக்கிய அகலம் ஒன்று, போட்டிருக்கும் தார்ச்சாலையின் அகலம் வேறொன்று. நடுவில் இருக்கும் சில அடி மண் நம் தோட்டம் போலவே தோன்றும், தண்ணீர் ஊற்றுவதும் நாம்தான், ஆனால் இடம் நகரத்துடையது. அங்கே வேலியோ சுவரோ வைக்க நகரத்தின் பொறியியல் பிரிவிடம் தனி அனுமதி வாங்கவேண்டும். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். எங்கள் ஃபைக்கஸின் ஒரு பகுதி அந்த இடத்தில்தான் நின்றது.

அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், அளவையாளரை வைத்துத்தான். உரிமம் பெற்ற அளவையாளருக்குக் கொடுக்கிற பணம் வீண் என்று நினைப்பவர்கள் சரிவில் ஒரு டேப்பைப் பிடித்துப் பார்க்கவேண்டும். மனை வரைபடத்தில் 100 அடி என்று இருந்தால் அது கிடைமட்டத் தூரம். இரண்டடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவில், அதே 100 அடிக்கு மண்ணோடு டேப்பை ஒட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட 112 அடி வரும். டேப்பில் 100 அடி வந்ததும் "இதோ எல்லை" என்று முளை அடித்தால் பத்தடிக்கு மேல் நம் நிலத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்து அதே மாதிரி அளந்தால் அவரும் விட்டுக்கொடுப்பார், இருவருக்கும் நடுவில் யாருடையதும் இல்லாத ஒரு பட்டை விழும். பழைய வேலி இருக்கும் இடத்தையே எல்லையாக எடுத்துக்கொள்வது அதைவிட மோசம். சரிவில் வேலி போட்டவர்கள் குழி தோண்ட வசதியான இடத்தில் போட்டிருப்பார்களே தவிர எல்லையில் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தபால் முகவரியில் லாஸ் ஏஞ்சலஸ் என்று இருப்பதாலேயே லாஸ் ஏஞ்சலஸ் நகர விதி பொருந்தும் என்று இல்லை. எங்கள் மேட்டைச் சுற்றி கிளென்டேல், பாசடீனா, தெற்கு பாசடீனா என்று தனித்தனி நகரங்கள். அல்டடீனா எந்த நகரத்திலும் சேராமல் நேரடியாகக் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) விதிக்குள் வரும். ஒவ்வொரு இடத்திலும் அளவும் மாறும், அளக்கும் முறையும் மாறும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் என்றால் ஜிமாஸ் என்ற இலவச இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் மனை எந்த மண்டலம், குன்றுப்பகுதி விதிக்குள் வருகிறதா, தீ அபாய மண்டலமா, நிலச்சரிவு அபாயம் குறித்திருக்கிறதா எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனால் பாதிப் பேச்சு மிச்சம். குடியிருப்போர் சங்கம் இருக்கிற இடமென்றால் அவர்களுடைய விதி தனி. நகரம் சரி என்றதை அவர்கள் மறுக்கலாம்.

வேலிப் பலகைக்கு வருகிறேன். கடையில் விற்கும் தயார் வேலித் துண்டு எட்டடி நீளம். நான்கடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அதை மட்டமாக வைத்துப் படிப்படியாக இறக்கினால், ஒரு துண்டின் மேட்டு முனைக்கும் பள்ளத்து முனைக்கும் தரையில் இரண்டடி வித்தியாசம். மேட்டு முனையில் ஆறடி என்றால் பள்ளத்து முனையில் எட்டடி. அனுமதி ஆறடி என்றால் அந்த முனை விதிமீறல். அடியில் விழும் முக்கோண இடைவெளியில் நாய் போகும், நரி போன்ற கொயோட்டி வரும். துண்டுகளை ஆறடி, நாலடி என்று குறுக்கினால் இந்த வித்தியாசம் குறையும். இல்லையென்றால் மேல் விளிம்பும் சரிவோடு சேர்ந்தே இறங்கும்படி, செங்குத்துப் பலகைகளை ஒவ்வொன்றாக அடிக்கலாம். கூலி அதிகம், ஆனால் எந்த இடத்தில் டேப்பை வைத்தாலும் அதே உயரம். நான் இரண்டாவதையே சொல்வேன்.

இனி தாங்குசுவர். பணமும் பயமும் அதிகம் இங்கேதான்.

எங்கள் கல்சுவர் கீழ்வீட்டுப் பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. விலை கேட்க வந்த கான்ட்ராக்டர்களில் ஒருவர், "நாலடிக்குள்தானே, பெர்மிட்டே தேவையில்லை, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கலிஃபோர்னியா கட்டட விதியில் நான்கடிக்கு மேற்படாத தாங்குசுவருக்கு அனுமதி வேண்டாம் என்று இருக்கிறது. ஆனால் அந்த நான்கடி, கண்ணுக்குத் தெரியும் உயரம் அல்ல. அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து சுவரின் தலை வரை. மண்ணுக்குள் ஒன்றரை அடி அஸ்திவாரம் என்றால் வெளியே இரண்டரை அடி தெரிகிற சுவரோடு கணக்கு முடிந்தது. அதோடு, சுவர் கூடுதல் சுமையைத் தாங்கக்கூடாது என்றும் இருக்கிறது. மேலே கார் நிறுத்தினால் அது கூடுதல் சுமை. சுவருக்குப் பின்னால் மண் மட்டமாக இல்லாமல் சரிவாக ஏறினாலே அதையும் சுமையாகத்தான் பல நகரங்கள் பார்க்கின்றன. குன்றில் எந்தச் சுவருக்குப் பின்னால் மண் மட்டமாக இருக்கிறது? நடைமுறையில் அந்த விலக்கு மேட்டுக்காரர்களுக்கு அனேகமாக இல்லை. அதற்குமேல் உள்ளூர் விதிகள் இன்னும் இறுக்கமாக இருக்கலாம். கான்ட்ராக்டரின் வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு தொடங்குவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். நாளை சுவர் சாய்ந்தால் உத்தரவு வருவது வீட்டுக்காரர் பெயருக்கு.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதை எங்களுக்கு வந்த கட்டட என்ஜினியர் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். நல்ல வடிகால் உள்ள, மட்டமான மண்ணைத் தாங்கும் சுவருக்கு, ஆழத்தின் ஒவ்வொரு அடிக்கும் சதுர அடிக்கு 30 பவுண்டு வீதம் அழுத்தம் கூடுவதாக இங்கே கணக்கு வைக்கிறார்கள். அதே மண் இரண்டுக்கு ஒன்று சரிவாகப் பின்னால் ஏறினால் 43. வடிகால் அடைத்துக்கொண்டு பின்னால் தண்ணீர் தேங்கினால், தண்ணீர் மட்டுமே அடிக்கு 62 பவுண்டுக்கு மேல். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் எட்டு மடங்காகும். நாலடிச் சுவருக்கும் எட்டடிச் சுவருக்கும் செலவு ஏன் இரட்டிப்போடு நிற்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2005இல் குன்றுப்பகுதிகளுக்கென்று தாங்குசுவர் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, செங்குத்தான மனைகளில் வீடு கட்டுவதற்காக ஒன்றன் மேல் ஒன்றாகப் பிரம்மாண்டமான சுவர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். இப்போது ஒரு மனைக்குத் தனித்து நிற்கும் தாங்குசுவர் ஒன்று, அதிகபட்சம் 12 அடி. இல்லையென்றால் இரண்டு, ஒவ்வொன்றும் 10 அடிக்குள், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 3 அடி கிடைமட்ட இடைவெளி. அளப்பது சுவரின் தலையிலிருந்து தாழ்ந்த பக்கத்துத் தரை வரை. அதாவது கீழ்வீட்டுக்காரரின் கண்ணால் அளக்கிறார்கள். காலியாக விடவேண்டிய இடத்துக்குள் சுவர் வந்தால் வேலிக்கான உயர வரம்பையும் அது தாண்டக்கூடாது.

அந்த 3 அடி இடைவெளியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சட்டத்துக்கு அது போதும், மண்ணுக்குப் போதாது. மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் விழாமல் இருக்க, கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது விலகி மேல்சுவர் நிற்கவேண்டும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது. நாலடிச் சுவருக்கு எட்டடி. அதைவிட நெருக்கமாக வைக்கலாம், ஆனால் கீழ்ச்சுவரை அந்தப் பாரத்துக்கும் சேர்த்தே வடிவமைக்கவேண்டும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. விதியை எழுதியவர்களுக்குக் கவலை கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது. சுவர் நிற்குமா என்பது வேறொரு மேஜையில் பார்க்கப்படும் விஷயம்.

நாங்கள் கடைசியில் செய்தது: கல்சுவரைப் பிரித்து, கம்பி போட்டுக் கான்கிரீட் நிரப்பிய ஹாலோ பிளாக் சுவராக அதே நாலடிக்கு எழுப்பினோம், அனுமதியோடு. ஆற்றுக்கற்களை வீணாக்காமல் படிக்கட்டு ஓரத்தில் பதித்துக்கொண்டோம். வேலியைச் சுவரின் தலையில் வைக்கவில்லை. சுவர்மேல் வேலி வைத்தால் காற்று வேலியைத் தள்ளும் விசையும் சுவரின் அடியில் போய்ச் சேரும், உயரக் கணக்கும் கூடும். வேலியைச் சில அடி உள்ளே, மேட்டுப் பக்கமாக இழுத்து, நடுவில் விழுந்த பட்டையில் செடி வைத்தோம். இப்போது பெரியவர் பக்கத்திலிருந்து தெரிவது நாலடிச் சுவர், அதன் பின்னால் பச்சை, அதற்கும் பின்னால் கம்பி வலை. வெயில் தடையில்லாமல் போகிறது. எங்களுக்கும் நாலடிப் பள்ளத்தின் விளிம்பில் குழந்தைகள் போய் நிற்காமல் வேலி தடுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் எல்லைக்கு உள்ளேயே வேலியை இழுத்துப் போட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் நிலம் கீழ்வீட்டுடையது போலத் தோன்றும். கலிஃபோர்னியாவில் அடுத்தவர் நிலத்தை நெடுநாள் அனுபவித்து வந்ததை வைத்து ஒருவர் அதற்கு உரிமை கேட்கவேண்டுமென்றால் ஐந்து வருடம் அந்த நிலத்துக்கு அவரே வரி கட்டியிருக்கவேண்டும், அதனால் நிலம் பறிபோகும் பயம் குறைவு. ஆனால் இரு வீட்டாரும் வேலியையே எல்லையாக ஒப்புக்கொண்டார்கள் என்று பின்னால் வருகிறவர்கள் வாதிட இடம் கொடுக்கக்கூடாது. அளவையாளரின் வரைபடத்தை இணைத்து, "இந்த வேலி எல்லை அல்ல" என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வைத்திருக்கிறோம்.

தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது. சுவருக்குப் பின்னால் ஜல்லி, அதைச் சுற்றி வடிகட்டும் துணி, அடியில் துளையிட்ட குழாய், இதுவரை எல்லாரும் செய்வார்கள். அந்தக் குழாயின் வாய் எங்கே? தெருவுக்கு விடு என்பதுதான் வழக்கமான பதில். எங்கள் தெரு மேலே இருக்கிறது, தண்ணீர் ஏறாது. கீழ்வீட்டுப் பக்கம் திறந்துவிட்டால் அவருடைய சமையலறை வாசலில் போய் நிற்கும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1966இல் கொடுத்த ஒரு தீர்ப்பிலிருந்து இங்கே அளவுகோல், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் நியாயமாக நடந்துகொண்டார்களா என்பது. மலையில் பெய்த மழை தானாகக் கீழே போவது வேறு, அதை ஒரு குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் கொட்டுவது வேறு. மனையின் ஓரமாகக் கீழ்த்தெருவுக்கு ஓடும் பழைய கான்கிரீட் வாய்க்கால் ஒன்று இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதில் நீர் விடும் உரிமை பத்திரத்தில் இருப்பதைத் தேடி உறுதி செய்த பிறகுதான் குழாயை அதோடு சேர்த்தோம். அப்படி எதுவும் இல்லாத மனையில் தொட்டி கட்டி மோட்டார் வைத்துத் தெருவுக்கு ஏற்றவேண்டி வரும். மழையன்று மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும். 2024 பிப்ரவரி மழையில் இந்த நகரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. சாலையில் வழிந்த சேற்றோடு உடைந்த தோட்டச் சுவர்களும் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம்.

பிறகு தீ. 2025 ஜனவரி 7 அன்று மாலை மூண்ட ஈட்டன் தீ அல்டடீனாவை எரித்ததை எங்கள் மேட்டிலிருந்து கண்ணால் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு மரவேலி என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. வீட்டுச் சுவரைத் தொட்டு முடிகிற மரவேலி, நெருப்புக்கு நாமே போட்டுக்கொடுத்த திரி. வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்ற கோட்பாட்டை 2020இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது. 2025 தீக்குப் பிறகு அதற்கான விரிவான விதிகளை விரைவுபடுத்த ஆளுநர் உத்தரவிட்டார். விதி உங்கள் வீட்டுக்கு எப்போது கட்டாயமாகிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. மரவேலியை முழுதாக மாற்றப் பணமில்லை என்றால், வீட்டைத் தொடும் கடைசி ஐந்தடியை மட்டுமாவது இரும்புக் கதவாகவோ கம்பி வலையாகவோ மாற்றுங்கள். பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் என்று பழைய வேலியை ஒட்டியே இன்னொரு மரவேலி போடுகிறவர்களைப் பார்க்கிறேன். நிஸ்ட் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் வேலிகளை எரித்துப் பார்த்த சோதனைகளில் மிக ஆபத்தாகத் தெரிந்தவற்றில் ஒன்று இப்படி நெருங்கி நிற்கும் இரட்டை வேலிதான். நடுவில் சருகு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

உயிர்வேலியிலும் இதே கணக்கு. உயரமாக, ஒல்லியாக, இத்தாலிய சைப்ரஸை வரிசையாக நடுவது இங்கே பெரிய மோகம். வெளியே பச்சை, உள்ளே காய்ந்த சுள்ளி. நாங்கள் ஃபைக்கஸை எடுத்துவிட்டு முன்பக்கம் தாழ்வான கம்பி வேலியும், பின்சரிவில் டோயோன், லெமனேட் பெரி போன்ற இந்த மண்ணின் புதர்களும் வைத்தோம். ஆழமாக வேர் விடும், ஒருமுறை பிடித்துவிட்டால் தண்ணீர் அதிகம் கேட்காது. டோயோன் 2012இலிருந்து நகரத்தின் அதிகாரபூர்வ நாட்டுத் தாவரம். 2021இலிருந்து, ஓக், வால்நட், சிகமோர், பே மரங்களோடு தானாக வளர்ந்த டோயோனும் எல்டர்பெரியும்கூடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. குறிப்பிட்ட தடிமனுக்கு மேற்பட்டதை அனுமதியில்லாமல் வெட்டினால் அபராதம். வேலிக்குக் குழி தோண்டும்போது அவற்றின் வேரை அறுத்தாலும் சிக்கல். எங்கள் எல்லையில் ஒரு பழைய கறுப்பு வால்நட் இருந்ததால் இரண்டு கம்பத்தை இடம் மாற்றினோம்.

பக்கத்து வீட்டாரிடம் பேசும் விஷயத்தில் சட்டமே ஒரு நல்ல முறையைத் தந்திருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, எல்லை வேலியின் பயன் இரு வீட்டாருக்கும் சமம், செலவும் சமம் என்பதே தொடக்க அனுமானம். வேலை தொடங்க 30 நாளுக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்: வேலியில் என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு ஆகும், எப்படிப் பகிர்வது, எப்போது தொடங்கி எப்போது முடிப்பது. தாங்குசுவருக்காக எல்லையோரம் மண் தோண்டுவதென்றால் அதற்கும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அவருடைய மண் சரியாமல் நம் மண் பக்கவாட்டில் தரும் தாங்கலை நாம் எடுத்துவிடக்கூடாது. கடிதத்தைத் தபாலில் அனுப்பினால் சண்டைக்கு அழைப்பது போல இருக்கும். நான் வரைபடத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். பெரியவர் விலையைவிட நிழலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எல்லைக்கு உள்ளே நாங்களாக இழுத்துப் போடும் வேலி என்பதால் அவரிடம் பணம் கேட்கவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது அவர் பக்கத்து வழியாகச் சாமான் இறக்க விட்டார். மேலேயிருந்து ஹாலோ பிளாக்கைத் தலைச்சுமையாக இறக்கியிருந்தால் ஆன கூலியை நினைத்தால், அவர் தந்த உதவி பாதிச் செலவுக்கு மேல்.

தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலைநாள் முன்பு 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். காஸ், மின்சாரம், தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். பழைய மேட்டு வீடுகளில் இணைப்பு எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று ஊகிக்கவே முடியாது. மனைக்குள் ஓடும் நம் சொந்தக் குழாய்களை மட்டும் அவர்கள் குறிக்கமாட்டார்கள்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை மழைக்காலமாகக் கணக்கு. அந்தச் சமயத்தில் சரிவில் மண் வேலை திறந்து கிடந்தால் அரிப்பைத் தடுக்கத் தனித் திட்டம் காட்டவேண்டும். அளவை, என்ஜினியர் வரைபடம், அனுமதி, பக்கத்து வீட்டாருக்கான 30 நாள் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். ஏப்ரலில் யோசிக்கத் தொடங்கினால் செப்டம்பரில் சுவர் பாதியில் நிற்கும். முந்தைய குளிர்காலத்திலேயே அளவையாளரைக் கூப்பிட்டுவிட்டால், மழை நின்றதும் கடப்பாரையை எடுக்கலாம்.